ஜமாஅத் தேர்தல், ஷூரா (கலந்தாலோசனை), லண்டன் நிக்காஹ்: ஜனநாயகம் மார்க்கத்துக்கு ஆகாதா?

கொழிஞ்சாம்பாறை (இழை தொடங்கியவர்)

அஸ்ஸலாமு அலைக்கும். மற்றவர்களுக்கு வணக்கம்.

பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் தமிழ் பேசும் ராவுத்தர் ஜமாஅத்துகளில் நிர்வாக விதியைத் திருத்தும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. முத்தவல்லியை (பள்ளிவாசல் நிர்வாகியை) நாலு பெரிய குடும்பம் கூடிச் சொல்வதா, எல்லோரும் ஓட்டுப் போடுவதா என்பதுதான் சண்டை. வேண்டாம் என்பவர்கள் சொல்லும் காரணம் மூன்று. பதவி கேட்டு நிற்பது ஹதீஸில் (நபிமொழியில்) தடுக்கப்பட்டிருக்கிறது. தேர்தல் வெள்ளைக்காரன் சரக்கு. பெண்கள் பெயர் பட்டியலில் ஏறக்கூடாது. இப்படிப் பேசுகிற வீடுகளின் பிள்ளைகளே பர்மிங்காமிலும் பிராங்பர்ட்டிலும் இருக்கிறார்கள். அங்கே நிக்காஹ், தலாக், வீட்டுக் கடன் என்று சந்தேகம் வந்தால் பதில் சொல்ல இங்கே ஆளில்லை.

எதை எப்படி எழுதலாம், எங்கே சிக்கும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "இஸ்லாம் என்றாலே சாந்தி" பதிவுக்கும் "மதமே வேண்டாம்" பதிவுக்கும் வேறு இழைகள் ஏராளமாக இருக்கின்றன.

மதரஸா மேசை

வ அலைக்கும் ஸலாம்.

முதலில் அந்த ஹதீஸ். அப்துர் ரஹ்மான் இப்னு சமுராவிடம் "தலைமையைக் கேட்டுப் பெறாதே" என்று நபிகள் (ஸல்) சொன்னது புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்பிலும் இருக்கிறது. ஸஹீஹ்தான் (நம்பகமானதுதான்), மறுக்க இடமில்லை. ஆனால் யூசுஃப் (அலை) எகிப்து மன்னனிடம் "நாட்டின் களஞ்சியங்களுக்கு என்னை நியமியுங்கள்" என்று தாமே கேட்டதும் குர்ஆனில் இருக்கிறது (12:55). ஆசைக்காகக் கேட்பது கூடாது, தகுதியுள்ளவர் பொறுப்பு பாழாகாமல் இருக்கக் கேட்டால் ஆகும் என்றுதான் உலமாக்கள் இரண்டையும் சேர்த்துப் படித்தார்கள். விதியில் இதைக் கொண்டுவர எளிய வழி உண்டு. வேட்பாளர் தன் பெயரைத் தானே கொடுக்க வேண்டாம். மஹல்லாவாசிகள் (ஜமாஅத் எல்லைக்குள் வசிப்பவர்கள்) இருவர் முன்மொழிய, அவர் சம்மதக் கையெழுத்து போட்டால் போதும். பிரச்சார நோட்டீஸ், விருந்து, ஊர்வலம் தடை. ஆட்சேபம் பாதி அங்கேயே அடங்கிவிடும்.

அடுத்து "வெள்ளைக்காரன் சரக்கு". வாக்குப்பெட்டி வேண்டுமானால் அவன் சரக்கு. ஆளைத் தேர்ந்தெடுப்பது அப்படியல்ல. நபிகளோடு செய்த இரண்டாம் அகபா உடன்படிக்கையில் யத்ரிபிலிருந்து (மதீனாவின் பழைய பெயர்) வந்தவர்கள் 73 ஆண்கள், 2 பெண்கள். உங்களுக்குள் 12 பொறுப்பாளர்களை நீங்களே தேர்ந்தெடுத்துத் தாருங்கள் என்றார்கள் நபிகள். கஸ்ரஜ் குலத்திலிருந்து 9 பேர், அவ்ஸ் குலத்திலிருந்து 3 பேர் வந்தார்கள். இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) மரணப் படுக்கையில், அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு பேர் குழுவை அமைத்தார். அதில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் தமக்குப் பதவி வேண்டாம் என்று விலகி, மதீனாவில் மூன்று நாள் ஆளாளுக்குப் போய்க் கருத்துக் கேட்டார். பெண்களிடமும் கேட்டார் என்று இப்னு கஸீர் எழுதுகிறார். இன்றைய பேச்சில் சொன்னால் அவர்தான் தேர்தல் அதிகாரி, போட்டியிலிருந்து விலகிய பிறகே அந்த வேலையைப் பார்த்தார். நம் பக்கத்தில் பழைய முத்தவல்லியே தேர்தலையும் நடத்தி, தானே மறுபடி நிற்கிறார். இதில் எது சுன்னத்துக்கு நெருக்கம் என்று சபையில் கேளுங்கள்.

இன்னொன்று. கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க எத்தனை பேர் வேண்டும் என்பதில் மாவர்தி (மறைவு 1058) பல கருத்துகளைப் பதிவு செய்கிறார். எல்லா ஊர்ப் பெரியவர்களும் வேண்டும், ஐந்து பேர் போதும், மூன்று பேர் போதும், ஒருவரே போதும் என்று. மூன்று என்றவர்கள் காட்டிய ஆதாரம் நிக்காஹ்: ஒரு வலி (பெண்ணின் பொறுப்பாளர்), இரண்டு சாட்சி. எண்ணிக்கையில் இவ்வளவு கருத்து வேறுபாடு இருந்திருக்கிறது என்றாலே அது வஹீயால் (இறைச்செய்தியால்) தீர்மானித்த விஷயம் இல்லை, இஜ்திஹாதுக்கு (ஆலிம்கள் ஆய்ந்து முடிவெடுக்க) விட்ட இடம் என்று தெரிகிறது.

தக்கலை வாசகன்

ஹஜ்ரத், மரியாதையோடு ஒரு மறுப்பு. பள்ளிவாசல் கமிட்டித் தேர்தலுக்கு ஆதாரம் தேடுவது சுலபம். ஆறு பேர் குழுவுக்குப் பிறகு சில பத்தாண்டுகளிலேயே வாரிசு ஆட்சி வந்து நூற்றாண்டுகள் ஓடின. அகபாவை அப்போது யாரும் எடுத்துக் காட்டி அரசனை மாற்றவில்லை. இப்போது தேவைக்குத் தேடி எடுக்கிறோம்.

ஜனநாயகத்தின் கரு, ஆளை மாற்றுவது மட்டுமா? சட்டம் இயற்றும் அதிகாரம் மக்களிடம் இருக்கிறதா, மதம் மாறியவனும் மதம் இல்லாதவனும் சம குடிமகனா, இவை இரண்டும்தான். இதற்கு நேரான பதில் வேண்டும்.

மதரஸா மேசை

நேரான கேள்வி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

"தீர்ப்பு அல்லாஹ்வுக்கே" என்ற வசனத்தை (12:40) வைத்து மனிதனுக்கு எந்த அதிகாரமும் கிடையாது என்று முதலில் கோஷம் போட்டவர்கள், நான்காம் கலீஃபா அலியின் (ரலி) அணியிலிருந்து பிரிந்த காரிஜிய்யாக்கள். "சொல் உண்மை, நாடுவது பொய்" என்றார் அலி (ரலி). குர்ஆன் தானாக வாய் திறந்து பேசாது, அதைப் படித்துச் சொல்பவர்கள் மனிதர்கள்தான் என்பது அவர் வாதம். சாலை விதி, வரி, பள்ளிக்கூடம், நீர்ப் பங்கீடு என்று பெரும்பகுதி "முபாஹ்", அதாவது மார்க்கம் ஏவவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அங்கே சபை கூடிச் சட்டம் போடுவதில் எந்த மத்ஹபுக்கும் (சட்ட மரபுக்கும்) தகராறு கிடையாது. தகராறு குடும்பச் சட்டம், தண்டனைச் சட்டம், மதமாற்றம் என்ற மூன்று இடத்தில்தான். பழைய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) நூல்களில் மதமாற்றத்துக்குத் தண்டனை உண்டு, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். அது போர்க்காலத்தில் எதிரணிக்குத் தாவுவதைப் பற்றியது, இன்றைய குடிமகனுக்குப் பொருந்தாது என்று வாதிடும் இக்கால ஆலிம்கள் பலர். எல்லோரும் அப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்று சொன்னால் அது பொய்.

1924 மார்ச்சில் துருக்கி கிலாஃபத்தை ஒழித்தது. அடுத்த ஆண்டே எகிப்தில் அலி அப்துர் ராஸிக், ஆட்சி முறை மார்க்கத்தின் பகுதி அல்ல என்று எழுதினார். கெய்ரோவின் அல்அஸ்ஹர் மார்க்கக் கல்வி நிலையம் அவரை ஆலிம் பட்டியலிலிருந்தே நீக்கியது. ஆகவே உள்ளே விவாதமே இல்லை என்பதும் தவறு, விவாதம் முடிந்துவிட்டது என்பதும் தவறு.

புளியரை செக்போஸ்ட்

இரண்டு பேரும் கிதாபுக்குள்ளேயே நிற்கிறீர்கள். நடந்ததைப் பார்த்தால் வேறு படம் தெரியும்.

இந்தோனேசியா. 1945இல் அரசியல் சட்ட முகவுரை வரைவில், முஸ்லிம்கள் ஷரீஅத்தைப் பின்பற்றக் கடமைப்பட்டவர்கள் என்ற வாசகம் இருந்தது. அவர்கள் மொழியில் ஏழே சொல். கிழக்குத் தீவுகளின் கிறிஸ்தவர்கள் குடியரசில் சேர மாட்டார்கள் என்ற அச்சத்தில், ஆகஸ்ட் 18 அன்று முஸ்லிம் தலைவர்களே சம்மதித்து அதை எடுத்தார்கள். அந்நாட்டின் பெரிய முஸ்லிம் அமைப்பான நஹ்தலத்துல் உலமா 1984இல் பஞ்சசீலத்தையே (நாட்டின் ஐந்து அடிப்படைக் கொள்கைகளை) அமைப்பின் அடிப்படையாக ஏற்றது. 2019இல், முஸ்லிமல்லாத குடிமக்களை காஃபிர் என்று அழைக்க வேண்டாம், அவர்கள் குடிமக்கள் என்று அந்த அமைப்பின் உலமா மாநாடு தீர்மானம் போட்டது. இதைச் செய்தவர்கள் கோட்டு போட்ட நவீனவாதிகள் இல்லை, லுங்கி கட்டிய ஷாஃபி மத்ஹபு ஆலிம்கள். அச்சே மாகாணத்தில் ஷரீஅத் பிரம்படி இன்றும் நடக்கிறது என்பதும் அதே நாட்டின் கதை.

துனிசியா. 2014 அரசியல் சட்டத்தில் நம்பிக்கைச் சுதந்திரம் எழுதப்பட்டபோது சபையில் பெரிய கட்சி இஸ்லாமியக் கட்சியான அன்னஹ்தா. 2016இல் மதப் பிரச்சாரத்தையும் கட்சியையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தை முடக்கியவர் மதகுரு அல்ல, அரசியல் சட்டப் பேராசிரியராக இருந்து அதிபரானவர். "இஸ்லாம்தான் ஜனநாயகத்துக்குத் தடை" என்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

மேற்கும் பாடம் நடத்துவதற்கு முன் தன் நோட்டைத் திறந்து பார்க்க வேண்டும். 2009 நவம்பரில் சுவிட்சர்லாந்தில் மினாரா கட்டத் தடை விதிக்க 57.5 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அப்போது நாடு முழுக்க மினாரா உள்ள பள்ளிகள் நாலே நாலு. சுத்தமான ஜனநாயக வழி, விளைவு சிறுபான்மையின் தலையில். ஆக முஸ்லிமுக்கு அங்கே பாதுகாப்பு பெரும்பான்மை ஓட்டு அல்ல, பெரும்பான்மையாலும் எளிதில் கை வைக்க முடியாத அடிப்படை உரிமை. நமக்கு இங்கே அரசியல் சட்டத்தின் 25ஆம் உறுப்பு (மதச் சுதந்திரம்) எதுவோ, அதைத்தான் பாகிஸ்தான் அஹ்மதியும் எகிப்தின் கிப்திக் கிறிஸ்தவரும் கேட்கிறார்கள். 2016 ஜனவரியில் மொராக்கோவின் மராகேஷில் உலமாக்கள் கூடி, முஸ்லிம் நாடுகளில் சிறுபான்மையினருக்குச் சம குடியுரிமை வேண்டும் என்று மதீனா சாசனத்தை (நபிகள் மதீனாவில் யூதர்களையும் சேர்த்துச் செய்த உடன்படிக்கையை) ஆதாரமாக வைத்து அறிக்கை விட்டார்கள். அறிக்கை நல்ல அறிக்கைதான். கையெழுத்து நடந்த அறைக்கு வெளியே சட்டம் மாறிய நாடு எது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

கம்பம் திராட்சை

துனிசியா வரைக்கும் போயாச்சு. கொழிஞ்சாம்பாறை அண்ணன் கேட்ட விதியை யார் எழுதித் தரப் போறீங்க?

கோர்ட்டு வராண்டா

நான் சொல்கிறேன். பள்ளிவாசல் வக்ஃப் வாரியத்தில் பதிவானதா, அதற்கு வாரியம் அங்கீகரித்த நிர்வாகத் திட்டம் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1995 வக்ஃப் சட்டத்தின் 69ஆம் பிரிவில் அப்படி ஒன்று வந்திருந்தால், மஹல்லா பொதுக்குழு மட்டும் கூடித் தீர்மானம் போட்டு மாற்ற முடியாது, வாரியத்துக்குப் போக வேண்டும். கொழிஞ்சாம்பாறை என்றால் கேரள வாரியம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி எல்லைக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டு வாரியம். பொள்ளாச்சி ஜமாஅத் விதியை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் வராண்டாவில் எங்களுக்குத்தான் வேலை.

வாக்காளர் பட்டியலில்தான் எல்லாக் கேஸும் பிறக்கிறது. "குடும்பத் தலைவர்" என்று எழுதினால் கூட்டுக் குடும்பத்தில் அண்ணன் தம்பி நாலு பேருக்கு ஒரு ஓட்டு, தனிக்குடித்தனம் போனவனுக்கும் ஒரு ஓட்டு. தேர்தலுக்கு முந்தைய மாதம் ஊரில் ரேஷன் கார்டு பிரியும், பார்த்திருப்பீர்கள். "18 வயது நிரம்பிய, மஹல்லாவில் வசிக்கும் ஒவ்வொருவரும்" என்று எழுதுவதே சுத்தம். வயதைக் கணக்கிடும் தேதியையும் எழுதுங்கள்.

ஜமாஅத் வரி பாக்கி அடுத்த கண்ணி. பாக்கிதாரருக்கு ஓட்டு இல்லை என்று எல்லா விதியிலும் இருக்கும், ஆனால் எந்தத் தேதி வரை கட்டலாம் என்று இருக்காது. தண்டல்காரர் எதிரணி வீட்டுக்கு மட்டும் ரசீதுப் புத்தகத்தோடு போக மாட்டார். பிறகு அந்த வீடுகள் பட்டியலில் இல்லை என்பார்கள். நான் எழுதச் சொல்வது: தேர்தலுக்கு 45 நாள் முன்பு வரைவுப் பட்டியல் பள்ளிப் பலகையில், ஜும்ஆவுக்குப் பிறகு அறிவிப்பு, 15 நாள் ஆட்சேபம், பாக்கியை அந்த 15 நாளுக்குள் வங்கிக் கணக்கிலும் கட்டலாம், வறுமையால் கட்ட முடியாதவருக்கு விலக்கு, அந்தப் பெயர்களை வாசிக்கக் கூடாது. ஏழை என்பதால் ஓட்டுப் போவது எந்த ஃபிக்ஹிலும் இல்லை.

தேர்தல் அதிகாரி வேறு மஹல்லாக்காரராக இருக்கட்டும். கைதூக்கல் கூடவே கூடாது. கடன் கொடுத்தவர், வேலை கொடுத்தவர் எதிரில் யார் கையைத் தூக்குவார்? ரகசியச் சீட்டு, அன்றே எண்ணிக்கை, சீட்டுகளை முத்திரை வைத்து 90 நாள் பாதுகாத்தல். பதவிக்காலம் 3 ஆண்டு, தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இல்லை. முடிந்த தேதியிலிருந்து 30 நாளுக்குள் சாவி, ரொக்கம், நிக்காஹ் தஃப்தர் (பதிவேடு), சொத்துப் பத்திரம் எல்லாம் பட்டியல் போட்டுக் கைமாற வேண்டும். இந்தக் கடைசி வரி இல்லாத விதிகளில், தோற்றவர் தஃப்தரை வீட்டில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கல்யாணங்களை நிறுத்துகிறார்.

ஊர் விலக்கு விதி இருந்தால் கிழித்துப் போடுங்கள். ஷரீஅத் மன்றத்தின் முடிவுக்கோ ஃபத்வாவுக்கோ சட்ட பலம் கிடையாது, யார் மீதும் திணிக்க முடியாது என்று 2014 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மையவாடியில் (அடக்கத்தலத்தில்) இடம் மறுப்பது, நிக்காஹ் கடிதம் மறுப்பது, இரண்டையும் பெயர் சொல்லித் தடை செய்யுங்கள்.

கொழிஞ்சாம்பாறை

ஜஸாக்கல்லாஹ். பெண்கள் ஓட்டு? அதில்தான் சபை கலையும்.

மதரஸா மேசை

60:12 வசனம் பெண்களின் பைஅத் (நபிகளிடம் தந்த உறுதிமொழி) பற்றியது. பெண்கள் தங்கள் பெயரில் வந்து பைஅத் செய்தார்கள், கணவன் வழியாக இல்லை. ஓட்டு என்பது ஒருவர் மேல் நம்பிக்கை தெரிவிக்கும் சாட்சியம், அல்லது தன் சார்பில் வக்கீலை நியமிப்பது. ஹனஃபி ஃபிக்ஹில் பெண் இரண்டையும் செய்யலாம். பருவமடைந்த பெண் தன் நிக்காஹ்வையே தான் செய்யலாம் என்ற மத்ஹபு நம்முடையது. கடற்கரை ஷாஃபிகளுக்கு வலி கட்டாயம், அது வேறு. கல்யாணத்துக்கு வாய் இருக்கிறது, முத்தவல்லிக்கு இல்லை என்று எந்தக் கிதாபைத் திறந்து சொல்வது? நடைமுறைக்கு மதரஸா கட்டடத்தில் தனி வாக்குச்சாவடி, பெண் அலுவலர், மஹ்ரிப் வரை நேரம். போட்டியிடும் உரிமையை இதோடு கட்டினால் இரண்டும் விழும். ஓட்டு முதலில் நடக்கட்டும்.

தக்கலை வாசகன்

"பிறகு பார்க்கலாம்" என்பதும் ஒரு தீர்ப்புதான் ஹஜ்ரத். பதிவு செய்கிறேன், சண்டைக்கு வரவில்லை.

புளியரை செக்போஸ்ட்

வெளிநாட்டுக் கேள்விக்கு வருகிறேன். ஒரே நிக்காஹ், அதே குத்பா, அதே இரண்டு சாட்சி. இங்கே நடந்தால் இந்தியச் சட்டப்படி திருமணம், அதனால் பிரிட்டனும் ஏற்கும். லண்டனில் ஒரு வீட்டிலோ ஓட்டலிலோ நடந்தால் இங்கிலாந்துச் சட்டத்தின் கண்ணில் அது திருமணமே அல்ல. 1998இல் லண்டன் உணவகம் ஒன்றில் நிக்காஹ் செய்த தம்பதியின் வழக்கில், 2018இல் குடும்ப நீதிமன்றம் "செல்லாத திருமணம்" என்றது. செல்லாத திருமணம் என்றாலாவது ஜீவனாம்சம், சொத்துப் பங்கு கேட்கலாம். 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாசலையும் மூடி, திருமணமாகவே கணக்கில்லை என்றது. பிள்ளைகள் பெற்று பதினெட்டு வருஷம் போல வாழ்ந்த பெண் சட்டத்தின் முன் வெறும் கூட வசித்தவள். மார்க்கம் அவளுக்கு மஹ்ரும் (மணக்கொடை) நஃபகாவும் (பராமரிப்புச் செலவு) கொடுக்கிறது. வாங்கித் தர அங்கே காழியிடம் (மார்க்க நீதிபதியிடம்) போலீஸ் இல்லை.

ஆகவே ஒழுங்கு இது. பதிவு அலுவலகத்தில் இருவரும் நேரில் போய் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், குறைந்தது 28 நாள். விசா விசாரணை என்றால் 70 நாள் வரை இழுக்கலாம். சிவில் திருமணம் முதலில், நிக்காஹ் அன்றோ மறுநாளோ. திருமணத்துக்கெனப் பதிவான பள்ளிவாசலாக இருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் முடியும். தொழுகைக்கு மட்டும் பதிவான பள்ளி போதாது, கேட்டுத் தெளிவாகுங்கள். பிரான்ஸில் சிவில் திருமணம் முன்னால் நடக்காமல் வழக்கமாக மதத் திருமணம் செய்துவைக்கும் மதகுரு மீது குற்ற வழக்கே வரும்.

தலாக். 1986 குடும்பச் சட்டப்படி பிரிட்டனுக்குள் விவாகரத்து நீதிமன்றம் வழியாக மட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பியது அங்கே காற்று. இங்கே முத்தலாக் என்றால் 2019 சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை. ஷரீஅத் கவுன்சில் கொடுக்கும் குலா (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு) தாள் மார்க்கத்துக்கு, சிவில் தீர்ப்பு சட்டத்துக்கு. இரண்டும் வேண்டும்.

கோர்ட்டு வராண்டா

சேர்த்துக்கொள்ளுங்கள்: இங்கே நடந்த நிக்காஹ் செல்லும் என்றாலும் விசா அதிகாரிக்கு நிரூபிக்க வேண்டும். கல்யாணம் நடந்த மாநிலத்தின் சட்டம்தான் கணக்கு. கேரளத்தில் 2008 பொது விதிப்படி உள்ளாட்சிப் பதிவாளரிடம் 45 நாளுக்குள். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி சார்பதிவாளரிடம் 90 நாளுக்குள், தாமதமானால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். பெண் வீட்டில் பொள்ளாச்சியில் நிக்காஹ் முடித்துவிட்டுக் கொழிஞ்சாம்பாறை பஞ்சாயத்தில் போய் நிற்கிறார்கள், திருப்பி அனுப்புகிறார்கள்.

சிக்குவது பெயரில். தஃப்தரில் "அ. முஹம்மது ராவுத்தர்", பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிந்து குடும்பப் பெயராக, பள்ளிச் சான்றிதழில் எழுத்து வேறு. நிக்காஹ் எழுதும் லெப்பையோ இமாமோ பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கி, அதில் உள்ள எழுத்தை அப்படியே இறக்க வேண்டும். பிறகு, போகும் நாடு கேட்டால், மாநில அரசின் சான்றொப்பம், அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் (வெளிநாட்டுக்கான முத்திரைச் சான்று). தமிழிலோ மலையாளத்திலோ உள்ள தாளுக்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு.

கம்பம் திராட்சை

வீட்டுக் கடன் பற்றி யாரும் வாய் திறக்கலையே.

மதரஸா மேசை

1999இல் ஐரோப்பிய ஃபத்வா கவுன்சில், சொந்தக் குடியிருப்புக்கான முதல் வீடு, வேறு வீடு இல்லை, வேறு வழியில் வாங்கப் பணம் இல்லை என்ற நிபந்தனைகளோடு வங்கிக் கடனுக்கு அனுமதி கொடுத்தது. ஆதாரம், கடுமையான தேவை நிர்ப்பந்தத்தின் இடத்தைப் பிடிக்கும் என்ற விதி. துணைக்கு, முஸ்லிமல்லாதார் நாட்டில் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு வட்டித் தடை பொருந்தாது என்ற அபூ ஹனீஃபாவின் கருத்து. அவருடைய மாணவர் அபூ யூசுஃபே அதை ஏற்கவில்லை, ஷாஃபிகளும் ஏற்கவில்லை. நானும் தயங்குகிறேன். இதே கருத்தை இழுத்துக்கொண்டே போனால் அந்த நாட்டை எதிரி நாடாகப் பார்ப்பதில் போய் முடியும். விசா வாங்கிப் போனவன் அமான் (பாதுகாப்பு) ஒப்பந்தத்தில் இருக்கிறான், "ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள்" (5:1) அவனைக் கட்டும். வரி ஏய்ப்பு, பொய் உதவித்தொகை எல்லாம் அதனால்தான் ஹராம்.

புளியரை செக்போஸ்ட்

மாற்று வழி, குறைந்துகொண்டே வரும் கூட்டுப் பங்கு. உதாரணக் கணக்கு: வீடு 3,00,000 பவுண்ட், நீங்கள் 60,000, வங்கி 2,40,000. 25 வருஷம், அதாவது 300 மாதம், மாதம் 800 பவுண்டுக்கு வங்கியின் பங்கை வாங்குகிறீர்கள். மீதிப் பங்குக்கு வாடகை, ஆண்டுக்கு 5 சதவீதம் என்றால் முதல் மாதம் 1,000. மொத்தம் 1,800. அடுத்த மாதம் வங்கிப் பங்கு 2,39,200, வாடகை ஏறத்தாழ 997. வீடு முதலில் வங்கிக்கு, பிறகு உங்களுக்கு என்று இரண்டு முறை கைமாறுவதால் முத்திரைத் தீர்வை இரட்டிப்பாகும் சிக்கலை 2003இல் பிரிட்டன் சட்டம் நீக்கியது. மேற்கத்திய நாடாளுமன்றம் ஒன்று ஷரீஅத் ஒப்பந்தத்துக்கு வரிச் சட்டத்தை வளைத்துக் கொடுத்தது இது, யாரும் மேடையில் பேசுவதில்லை. குறை: வாடகை விகிதத்தைச் சந்தை வட்டியைப் பார்த்துத்தான் ஏற்றி இறக்குகிறார்கள். கையெழுத்துக்கு முன் அந்த மறுநிர்ணயப் பக்கத்தையும், தவணை தவறினால் என்ன என்ற பக்கத்தையும் படியுங்கள்.

ஜெர்மனிக்காரர்களுக்கு ஒன்று. 2015 ஆகஸ்ட் 17 முதல் ஐரோப்பிய வாரிசு ஒழுங்குமுறைப்படி, கடைசியாக வழக்கமாக வசித்த நாட்டின் சட்டம்தான் சொத்தைப் பிரிக்கும். இந்தியக் குடிமகன் உயிலில் தன் நாட்டுச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அடிப்படைப் பொதுக்கொள்கைக்கு முரணானால் நீதிமன்றம் ஏற்காது. மகளுக்கு மகன் பங்கில் பாதி என்ற இடத்தில் அது வரக்கூடும். வாழும்போதே ஹிபாவாக (நன்கொடையாக) சமமாகக் கொடுத்துவிடுவது பலர் எடுக்கும் வழி. அங்கத்திய வரி ஆலோசகரைக் கேட்ட பிறகு.

கொழிஞ்சாம்பாறை

வரைவு எழுத ஆரம்பித்துவிட்டோம். வெளிநாட்டில் இருப்பவர் ஓட்டு மட்டும் பாக்கி. துபாய், குவைத்து, லண்டன் எல்லாம் சேர்த்தால் ஆண்களில் கணிசம்.

கோர்ட்டு வராண்டா

தபால் ஓட்டு வேண்டாம், உறை யார் கையில் பிரிந்தது என்று நிரூபிக்க முடியாது. அண்ணன் போடுவான், மாமா போடுவார் என்ற பதிலாள் ஓட்டும் வேண்டாம், ஒரே ஆள் பையில் பத்து ஓட்டு சேரும். பட்டியலில் பெயர் இருக்கட்டும், ஊரில் இருந்தால் போடட்டும். தேர்தலை லீவில் ஆள் வரும் பெருநாளை ஒட்டி வையுங்கள், பெருநாளுக்கு அடுத்த ஞாயிறு. பிறை பார்த்துத் தேதி மாறும் என்பதால் விதியில் தேதி எழுதாமல் அப்படியே எழுதுங்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் பட்டியலில் இருந்தால் பாதிச் சிக்கல் தானே தீர்ந்துவிடும்.